தட்டிப் பார்த்தல்

பதினான்கு என் எண்.
ராணிப்பேட்டையில், மூன்றாம் ஷிப்டில்,
சூளையைவிட்டு வெளியே வரும் வெள்ளைக் கோப்பைகளை
மரச்சுத்தியால் தட்டுவது வேலை.

நல்லது மணி மாதிரி பேசும்.
விரிசல் இருந்தால்
சளி கட்டிய நெஞ்சு போல
தொப்பென்று நின்றுவிடும்.
கண்ணுக்குத் தப்பும் மயிரிழை
காதுக்குத் தப்பாது.

என்ன வேலை என்று கேட்டால்
செராமிக் என்பேன்.
கல்யாணப் பந்தியில் அதற்கு மேலும் கேட்பவரிடம்
கக்கூஸ் கோப்பை என்று சொல்லிவிட்டுப்
பாயசத்தை முடிப்பேன்.

சேறாய் வார்க்கும்போது பெரிதாக இருக்கும்.
காயும்போது கொஞ்சம், வேகும்போது கொஞ்சம்,
நூற்றுக்குப் பத்து பங்கு காணாமல் போகும்.
அச்சு வெட்டுகிறவன் அதையும் கணக்கில் வைத்துத்தான்
பெரிதாக வெட்டுகிறான்.
வரப்போகும் நட்டத்துக்கு
முன்கூட்டியே இடம் விட்டு ஒரு தொழில்!
முதல் வாரம் வியந்தேன்.
பிறகு நேரமில்லை.
ராத்திரிக்கு முந்நூற்றிருபது.

சூளை பார்க்கும் இத்ரீஸ் சொல்வான்,
‘ஆயிரத்து இருநூறு டிகிரியில எதுவும் பொய் சொல்லாது.’
சொல்லும்.
மேலே பளபளப்பைப் போர்த்திக்கொண்டு
சிரித்தபடி வரும் கோப்பைகளை
நான் கேட்டிருக்கிறேன்.

போன சித்திரையில் அம்மூரில்
எங்கள் அரை கிரவுண்டில் கழிப்பறை கட்டினோம்.
ஆலையில் தள்ளுபடியில் ஒன்று எடுத்தேன்.
இரண்டாம் தரம்.
விளிம்பில் கடுகளவு கரும்புள்ளி,
அடியில் சிவப்பு மையில் பதினான்கு.
நானே கழித்தது.

குழி வெட்ட வந்தவர் கன்னியப்பன்.
இடுப்பளவு இறங்கியதும்
கடப்பாரை வேறு குரலில் பேசியது.
‘பானை ஓடும்மா, வேஸ்ட்டு’ என்று
மண்ணோடு மேலே வீசினார்.

முந்தானையால் துடைத்தேன்.
பாதிக் கிண்ணம்.
உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளி வயிறு சிவப்பு.
கவிழ்த்துச் சுட்டிருக்கிறார்கள்.
வாய் சாம்பலில் புதைந்து
உள்ளே காற்றுப் போகாமல் கறுத்திருக்கிறது.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
காற்று எந்தப் பக்கம் போயிற்று என்று
சுட்ட மண்ணில் எழுதியிருக்கும்.
அதைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

தோளில் மூன்று கீறல், குறுக்கே ஒன்று.
ஓரமெல்லாம் பொரிந்திருந்தது.
ஈரத்தில் கீறினால் மண் வழவழவென்று விலகும்,
பொரியாது.
ஆக, வெந்து ஆறியதைக் கையில் எடுத்து
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து
அதற்கப்புறம் யாரோ போட்ட குறி.
அவள் எண் என்னவோ.

பக்கத்து மனைக்காரர் எட்டிப் பார்த்தார்.
‘பழைய காலத்துது. கவர்மெண்ட்டுக்குத் தெரிஞ்சா
இடமே போச்சு. மூடும்மா.’
கன்னியப்பன் பீடியை அணைத்து
என் முகத்தைப் பார்த்தார்.

நான் கிண்ணத்தை இடது கையில்
இரண்டு விரலால் தொங்கவிட்டு
முட்டியால் தட்டினேன்.

ணங்.

குழியை நாலடி கிழக்கே தள்ளச் சொன்னேன்.
கூலி முந்நூறு கூடிற்று.
வீட்டில் அதற்கொரு சண்டை.
கோப்பை இப்போது உட்கார்ந்திருக்கிறது,
கரும்புள்ளி சுவர்ப்பக்கம்.

வேலூர்க் கோட்டைக்குள் அருங்காட்சியகத்தில்
சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
பேரேட்டில் எழுதினார்கள்:
பானை ஓடு, ஒன்று. நிலை: உடைந்தது.

‘உடைஞ்சிருக்கு சார். விரிசல் இல்ல.
தட்டிப் பாருங்க.’

அவர் தட்டவில்லை.
தட்டக்கூடாதாம், விதி.
எங்கள் ஆலையில் தட்டாமல் விட்டால்தான் மெமோ.
பத்து மணி ஷிப்டுக்கு முன்
கொஞ்சம் தூங்க வேண்டும் என்று
ஆற்காடு பஸ்ஸில் ஏறினேன்.
ஜன்னல் கண்ணாடி தடதடத்துக்கொண்டே வந்தது,
எங்கோ ஒரு மூலையில்
விரிசல்.