நாலாம் தரம்

அருமனை கடையில் டென்னிசன்
ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.
"பூப்பல் கேறியிருக்கு. நாலாம் தரம்.
கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபா குறையும்."
அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
நான் சிவந்திருந்த மூலையை
பிளேடால் வெட்டி
சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

மார்த்தாண்டம். கல்லூரி ஆய்வகம்.
உருளைக்கிழங்குக் கஞ்சி உறைந்த தட்டில்
ஐந்து நாள் வெள்ளையாகவே கிடந்தது,
பெருமழையில் பால் வெட்டாமல் விட்ட மரம்போல
சும்மா.

ஆறாம் நாள் கரண்ட் போனது.
எங்கிருந்தோ ஒரு பாக்டீரியா
தட்டின் ஓரத்தில் குடியேறியது.
அன்றிரவுதான் பூஞ்சை சிவந்தது.
அழகுக்கு அல்ல.
சிவப்பு கசிந்த தூரம்வரை
வேறெதுவும் முளைக்கவில்லை.

பருத்தியில் பிடிக்கிறது.
படிகாரம் போட்டால் ஐந்து அலசல் தாங்கும்.
வெயிலில் கொஞ்சம் இளைக்கும்.
மிட்டாயில் சேர்க்கலாமா என்கிறார்கள்;
நஞ்சுச் சோதனை முடியவில்லை.
கையுறை கிழிந்த அன்று
மூன்று தரம் சோப்புப் போட்டேன்.

சாயம் தோய்ந்த துண்டை அப்பா
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்,
டென்னிசனைப் போலவே
ஒரு கண்ணைச் சுருக்கி.
"இது எத்தனாம் தரம்?"

பதிவேட்டில் 'கிடைத்த இடம்' என்ற கட்டம்
இன்னும் காலி.
ரப்பர் என்று எழுதவா,
பன்னிரண்டு ரூபாய் என்றா?