மழைக் கணக்கு

ராக்கெட் போனால் மூன்று நாளுக்குள் மழை.
எங்கள் ஊரில் இதற்கு மறுபேச்சு கிடையாது.
அறுத்துப் போட்ட புல் நனைந்தால் ராக்கெட்.
குதிரை குறைக்குட்டி ஈன்றால் ராக்கெட்.
துலெகெனின் மூத்த மகன் பரீட்சையில் தோற்றதற்கும்
அதுதான் என்று ஒரு பேச்சு உண்டு.

பைக்கனூருக்கு வடகிழக்கே
ரயில் நிற்காமல் போகும் கஜக் புல்வெளி.
மேலே போகாமல் உதிர்ந்ததெல்லாம் எங்களுக்கு.
கோழிக்கூண்டின் கூரை அது.
பனிவண்டியின் அடிப்பட்டை அது.
விண்ணுக்கென்று உருக்கிய உலோகத்தில்
ஆடுகள் தண்ணீர் குடிக்கின்றன,
முதல் வாரம் மட்டும்
கொஞ்சம் முகர்ந்து பார்த்துவிட்டு.

தபால் நிலையத்துக் குல்யாஷ்தான் கேட்டாள்:
எத்தனை முறை?
என்ன எத்தனை முறை?
எத்தனை முறை போயிற்று,
அதில் எத்தனை முறை பெய்தது?
நாங்கள் தேநீரை ஊதிக் குடித்தோம்.

வெள்ளரி ஊறுகாய் தீர்ந்த போத்தலைக் கழுவி
தபால் நிலைய முற்றத்தில் வைத்தாள்.
பக்கத்தில் பள்ளிக்கூட அளவுகோல்.
பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சிட்ட நோட்டு.
போன நாள், பெய்த நாள், எத்தனை மில்லிமீட்டர்.
ஒருமுறை ஒன்றுமே பெய்யாமல் போத்தல் நிறைந்திருந்தது.
"நாய்" என்று எழுதி
அந்த நாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

வானொலி சொல்லும்: இன்று மூவர் போனார்கள்.
எவ்வளவு தூரம்?
நானூறு கிலோமீட்டர்.
என் மனைவிக்கு வலி கண்ட இரவில்
கரகண்டா ஆஸ்பத்திரி ஐந்நூற்றுப் பத்து.
அவர்கள் ஒன்பது நிமிடத்தில் போய்விட்டார்கள்.
நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
மகன் வண்டியிலேயே பிறந்திருந்தான்.
அவனுக்கு இப்போது மீசை அரும்புகிறது.
அவர்கள் இன்னும் அதே நானூறில்
செக்கைச் சுற்றுவதுபோல் பூமியைச் சுற்றுகிறார்கள்.
குறையாகச் சொல்லவில்லை.
சாலையும் அதே ஐந்நூற்றுப் பத்துதான்.

ஒரு வசந்தத்தில்
கருகிய கலம் ஒன்று எங்கள் மேய்ச்சலில் இறங்கியது.
உள்ளிருந்து தூக்கி எடுத்த பெண்ணுக்கு
நிற்கக் காலில்லை, கழுத்தே நிற்கவில்லை.
ஹெலிகாப்டர்க்காரர்கள் எங்களை விரட்டுமுன்
நசுங்கிய மாசிபத்திரிச் செடியைக் கைநீட்டிப் பறித்து
மூக்கில் வைத்தாள்.
அவ்வளவு தூரம் போய் வந்தவள் முகர்ந்தது
எங்கள் ஆடுகள் தின்ன மறுக்கும் செடியை.

பதினேழு ஆண்டு.
பனிக்காலத்தில் பள்ளிக் கூடத்தில் வாசித்தாள்.
வந்தவர்கள் பதினான்கு பேர்,
ஐவர் அங்கே அடுப்பு எரிகிறது என்பதற்காக.
ராக்கெட் போனது இருநூற்று நாற்பத்தொரு முறை.
மூன்று நாளுக்குள் பெய்தது ஐம்பத்தெட்டு.
ராக்கெட் போகாத அதே அளவு நாட்களைச்
சீட்டுக் குலுக்கி எடுத்துப் பார்த்தேன்,
அதில் ஐம்பத்தொன்பது.
மௌனம்.
"அந்த ஒன்று?" என்றான் துலெகென்.
எல்லோரும் சிரித்தோம். அவளும்.

பிறகு ராக்கெட்டுகள் குறைந்தன.
வேறு எங்கிருந்தோ ஏவுகிறார்கள் என்றார்கள்.
இரண்டு கோடை வறண்டது.
ராக்கெட் போவதில்லை, அதனால்தான் மழையில்லை
என்றது ஊர், முகம் மாறாமல்.
நானும் சொன்னேன்.
அதையும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள்.

போன புரட்டாசியில் என்று சொல்ல எங்களுக்கு மாதமில்லை;
புல்லை வீட்டுக்குள் சேர்த்து முடித்த வாரம் என்று வையுங்கள்.
தபால் நிலையம் பூட்டும் நேரம்.
துலெகென் வாசலில், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.
"செவ்வாய்க்கிழமை போயிற்று.
இன்றோடு மூன்று நாள். சொட்டுக்கூட இல்லை.
எழுதிக்கொள்."

அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள்.
ரப்பரால் அழித்தாள்.
அவன் பார்த்திருக்க
மறுபடி எழுதினாள்.

போகத் திரும்பியவன் நின்றான்.
மேற்கே கொஞ்சம் மேகம்.
"நாளைக்குப் பெய்தால்
அது சேராது, இல்லையா?"