மூணே கால் அடி

நாள் வாடகை எழுநூற்றைம்பது.
எனக்கு இல்லை, வண்டிக்கு.
ஐஸ் ஃபேக்டரி வாசலில் பேசி முடித்தான்
உதவி இயக்குநர் நிரஞ்சன்.
கதாநாயகனின் அண்ணனுக்குக் கால் வராதாம்,
காசிமேட்டில் இரண்டு நாள் ஷூட்டிங்,
நிஜமான மூணு சக்கர வண்டிதான் வேண்டுமாம்.

என்னைத் தூக்கி மீன்பெட்டிமேல் வைத்தார்கள்.
கூடையைக் கழற்றினார்கள், மணியைக் கழற்றினார்கள்,
மட்கார்டில் நான் ஒட்டியிருந்த மூன்று டால்பின்களையும்
பிளேடால் சுரண்டினார்கள்.
போன மாசம்தான் நீலம் அடித்திருந்தேன்,
எண்ணூற்றுச் சொச்சம் செலவு.
கலை இயக்குநர் நாலடி தள்ளி நின்று பார்த்து
"ரொம்ப சந்தோஷமா இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கினார்.
பிறகு ஒரு பையன் வந்து
தூரிகையால் துரு வரைந்தான்.
நல்லாத்தான் வரைந்தான்.

முதல் ஷாட் கிரேனில்.
ஏலக்கூடத்தின் நடுவே வண்டி,
சுற்றிலும் ஆளே இல்லாத ஈரத்தரை.
விடியற்காலை ஏலக்கூடத்தை ஆளில்லாமல்
பிறந்ததிலிருந்து நான் பார்த்ததில்லை.
மானிட்டரை எட்டிப் பார்த்தேன்.
மேலிருந்து அந்த நடிகர்
உதறிப்போட்ட சங்கரா மீனின் கண் அளவு இருந்தார்.
"பாவமா இருக்குல்ல?" என்றார் இயக்குநர், திருப்தியாக.
அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால்
போலீஸ் கமிஷனர்கூடப் பாவம்தான்.

அடுத்தது காலுக்கு க்ளோஸப்.
முகம் வேண்டாம், கால் மட்டும்.
நல்ல காலை மடித்துக் கட்டி
பொய்க்கால் ஒன்றை ஒல்லியாகத் தொங்கவிட
ஒன்றரை மணி நேரம்.
என் கால் சும்மா பெட்டிமேல் கிடந்தது.
யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

சாயங்காலம் தம்பி பேசுவான், அண்ணன் அழுவான்.
தம்பியின் தோளுக்கு மேலிருந்து
அண்ணனைக் குனிந்து பார்த்தது கேமரா.
அண்ணனின் தோளுக்குப் பின்னால்
ஒரு தரமும் வரவில்லை.
"ரிவர்ஸ் எடுக்க மாட்டீங்களா?"
ஃபோகஸ் பார்க்கும் ஃபெலிக்ஸைக் கேட்டேன்.
அவனுக்குச் சிரிப்பு.
"ஏகாக்கா, உனக்கு எப்டி இதெல்லாம்?"
நாற்பது வருஷமாக அண்ணாந்து பேசுகிறவளுக்கு
எதிர்ப்பக்கம் தெரியாதா?

மறுநாள் அண்ணன் எழுந்து நின்றான்.
அப்போதுதான் கேமராவைத் தரைக்கு இறக்கினார்கள்.
பின்னால் முழு வானம்,
பெரிய ஃபேன் வைத்து சட்டைக்குக் காற்று.
இத்தனை நேரம் கீழே இறங்காதவர்கள்
அவன் நின்றதும் படுத்துக்கொண்டு பார்த்தார்கள்.
கூட்டம் கைதட்டியது.
நானும் தட்டித் தொலைத்தேன்.

அந்த இரண்டு நாளும் ஒன்னுக்குப் போக
ஐஸ் உடைக்கும் வேலம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது.
அதற்கு ஒரு ஷாட்டும் இல்லை.

பேக்கப் ஆனதும் ஃபெலிக்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
ஃபோகஸுக்கு வைத்திருக்கும் அளவு டேப்பை இழுத்து,
"அசையாத" என்று சொல்லி,
தரையிலிருந்து என் கண்வரை பிடித்தான்.
மூணே கால் அடி.
வெள்ளை டேப்பில் எழுதி ஹேண்டிலில் ஒட்டிவிட்டுப் போனான்.

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால்
துருவோடு நீலமும் வந்தது.
விட்டுவிட்டேன்.

மறுநாள் அந்த உயரத்தில் போனைக் கட்டி
சூரியநாராயணா தெருவில் வேலைக்குப் போகையில் எடுத்தது:
சாவிக்கொத்து, லுங்கி முடிச்சு, ரேஷன் பை,
இறால் கூடையின் அடியில் சொட்டும் தண்ணீர்,
கன்டெய்னர் லாரிக்கு அடியில்
எதிர்வரிசைக் கடைகள் அத்தனையும்,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் நேருக்கு நேர்,
அதில் ஒருத்தி நாக்கைத் துருத்தினாள்,
நானும் துருத்தியது சத்தமாகப் பதிவாகியிருக்கிறது.

கணக்கு மேஜைக்கு வந்தேன்.
ஐஸ் கடன் சொல்ல வந்த தேசப்பன்
கழுத்தோடு வெட்டுப்பட்டு
வயிறாக நின்றுகொண்டு இழுத்தான்,
"இந்த வாரம் மட்டும்க்கா…"

"ஃப்ரேம்ல இல்ல நீ. குனி."

குனிந்தான். பத்தாமல் குந்தி உட்கார்ந்தான்.
முகம் வந்தது.
இடது கன்னத்தில் ஒரு மீன் செதில்.

"இப்ப சொல்லு."