பின்னறையில் தொள்ளாயிரம் லிட்டர்

ஜூன் பதினான்கில் இந்தப் புல்
என் பூட்ஸின் மேல்விளிம்பைத் தொட்டது.
ஜூலை முதலாம் திகதி
அதே இடத்தில் நடந்தேன்.
அப்பளம் நொறுங்கும் சத்தம்.

பதினேழு நாள்.
இடையில் ஒரு சம்பளம் வந்தது,
கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கினேன்,
அவ்வளவுதான்.
வறட்சி என்றால்
தூரத்தில் தூசியாய்த் தெரிந்து
வருடக்கணக்கில் நடந்து
வந்து சேரும் என்று நினைத்திருந்தேன்.
இது வடகிழக்குக் காற்றில் ஏறி வந்தது.
வெயில் சுட்டு வைத்ததைக்
காற்று வழித்து நக்கிவிட்டுப் போனது.

லெ ப்ரெலேக்கு மேலே இந்தப் பீடபூமி
அடியெல்லாம் சுண்ணாம்புக்கல். ஆறு கிடையாது.
பெய்கிற மழை சல்லடையில் விட்டதுபோல் இறங்கி
கீழே வேறு யாருடையதோ ஊற்றாகிறது.
ஓதில் ஷப்பாத்தின் பண்ணைக்குக்
கூரைதான் கிணறு.
இப்போது கூரைமேல்
நீலம் மட்டும் விழுகிறது.

ஆகவே என் பவுசர்
ஏறும்போது தண்ணீர், இறங்கும்போது பால்.
முன்னறை பாலுக்கு, பின்னறை நீருக்கு.
இரண்டையும் பிரிக்க அன்னம் வேண்டியதில்லை,
ஓர் உருக்குத் தகடு போதும்.
என்றாலும் மாடுகள்
முதல் மடக்குக்கு முன்
தொட்டியை மோந்துவிட்டு என்னைப் பார்க்கின்றன.

முப்பத்தொரு மாடு. இந்த வெயிலுக்கு
ஒன்றுக்கு நூறு லிட்டர்.
ஊற்றுவது குறையவில்லை, கறப்பது குறைகிறது.
எழுநூறு. அறுநூற்று இருபது. ஐந்நூற்று நாற்பது.
முன்பெல்லாம் மீட்டரை நான் வாசிக்க அவள் எழுதுவாள்.
இப்போது நான் வாசிக்கிறேன்,
அவள் தலையாட்டுகிறாள்.

"உங்கள் நாட்டில் இதற்கு என்ன செய்வீர்கள்?"
ஒருநாள் கேட்டாள்.
நான் பியென்னில் பிறந்தவள், மதாம்,
அங்கே குழாயைத் திறப்போம், என்றேன்.
பெரிதாகச் சிரித்தாள்.
தொலைக்காட்சியில் பார்த்த வறட்சிதான்
இருவருக்கும் தெரியும்.
வேறு யாருக்கோ என்று
இருவருமே சனலை மாற்றியிருக்கிறோம்.

உலர்புல் வாங்கலாம்.
ஆனால் அவள் பாலில் ஆகிற பாலாடைக்கட்டிக்கு
ஒரு சட்டம் உண்டு:
மாடு தின்றது இந்த மண்ணில் முளைத்திருக்க வேண்டும்.
இந்த மண்ணில் முளைத்து
டிசம்பருக்கென்று அடுக்கியதை
ஜூலையிலேயே பிரித்துப் போடுகிறாள்.
களஞ்சியத்தின் பின்சுவர் தெரிகிறது.
அதில் ஒரு ஜன்னல் இருப்பது
அவளுக்கே மறந்திருந்ததாம்.

வியாழக்கிழமை, மூன்றாம் வளைவில்,
எதிரே கால்நடை லொறி.
மலைப்பாதையில் ஏறுகிறவருக்கே முதல் வழி,
பரீட்சையில் எழுதித் தேறியவள் நான்.
பின்னோக்கி எடுத்தேன்,
மூன்று தொன் தண்ணீரோடு நூற்றெண்பது மீட்டர்.
அது உரசாமல் கடந்தபோது
பலகை இடுக்குகளில் ஈர மூக்குகள்,
மஞ்சள் காதுவில்லைகள்.
எண்ணக் கூடாதென்று எண்ணினேன்.
ஒன்பது.

மேலே, தொட்டி நிறையுமுன்பே
ஓதில் கையை உயர்த்தினாள்.
மீட்டரில் இரண்டாயிரத்து இருநூறு.
"முழுத்தொகைக்கே துண்டு எழுது" என்றாள்.
எது எது என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
கொட்டில் கதவில் சோக்கால் எழுதிய பெயர்வரிசையில்
பெர்வென்ஷுக்கும் மிர்த்திலுக்கும் நடுவே
ஈரத்துணியால் துடைத்த இடம்.
அந்த ஈரமும் அதற்குள் காய்ந்திருந்தது.

இறங்கினேன்.
நிறைகுடம் தளும்பாது.
பின்னறையில் தொள்ளாயிரம் லிட்டர்
ஒவ்வொரு வளைவிலும்
ஒரு கணம் பிந்தி வந்து
என் முதுகை முட்டியது,
பள்ளத்துப் பக்கமாய்.