இடப்பக்கம் இழுக்கும் குச்சி

காற்று எழுபதைத் தாண்டினால்
சான் அந்தோனியோ துறைமுகத்தில்
கிரேன்கள் கைகட்டி நிற்கவேண்டும்.
கீழே லாரிகள் வரிசையாக என்ஜினை அணைக்கின்றன.
நான் இறங்குவதில்லை.
லிஃப்ட் பழுது. ஏணியோ நாற்பது மீட்டர்.
காற்று எப்போது மனம் மாறும் என்று யார் கண்டது?

காலடிக் கண்ணாடிக்கு அடியில் பசிபிக் நுரைக்கிறது.
பையிலிருந்து எடுக்கிறேன்
இரண்டு பாதியாய்ப் பிரியும் கறுப்பு நண்டை.
இழுத்தால் விரியும்.
நடுவில் போனைக் கிடத்தினால்
டக்கென்று கவ்விக்கொள்ளும்.
உறையோடு கொடுத்தால் வாய் கொள்ளாமல் துப்பிவிடும்.
உறையைக் கழற்றுகிறேன்.
மடித்து வைத்த பஸ் டிக்கெட்டும்
மகளின் பள்ளிப் படமும்
மடியில் விழுகின்றன.

விளையாட்டில் நான் ஒரு நரி.
பனிமலையைக் கடக்கவேண்டும், அவ்வளவுதான்.
துப்பாக்கி இல்லை. எதிரி இல்லை.
மூலையில் ஒரு சிவப்புக் கோடு
குறைந்துகொண்டே வருகிறது, அது பசி.

ஒரே சங்கடம்:
விரலே படாவிட்டாலும்
நரி இடப்பக்கம் நடக்கிறது.
மெதுவாக,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

இதை எனக்கு விற்றவன் நிபால்தோ.
மூன்றாம் கிரேனில் ஆறு வருடம் இருந்துவிட்டு
வடக்கே செப்புச் சுரங்கத்துக்குப் போனவன்.
பன்னிரண்டாயிரம் பெசோ.
"குச்சி கொஞ்சம் பிடிவாதம்" என்றான்,
பணத்தை எண்ணிக்கொண்டே.
ரப்பர் தொப்பியில்
அவன் கட்டைவிரல் தேய்த்த வழுவழுப்பு இருக்கிறது.
என் விரல் அதற்குள் குழந்தைபோல் உட்கார்கிறது.

ஆகவே வலப்பக்கமாக
நூலளவு அழுத்தம்.
எப்போதும்.
நரி நேராகப் போகிறது என்று நீங்கள் நினைப்பீர்கள்.
நான் வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

"யஸ்னா, நாற்பத்தைந்து. ஆரம்பி."

போனைப் பிடுங்கி வைத்துவிட்டு
பெரிய குச்சிகளைப் பிடிக்கிறேன்.
இவை என் முழங்கை உயரம்,
ஆனால் கைக்கு அளவு தெரியாது.
இருபத்திரண்டு டன் செர்ரிப்பழம்,
குளிர்பெட்டியில், லாரி முதுகில் காத்திருக்கிறது.
பெட்டியின் நான்கு மூலைகளைத் தேடி
இரும்புச் சட்டம் இறங்குகிறது,
இறங்குகிறது,
ரேடியோ அலறுகிறது:
"என் தலை பெட்டி இல்லை, யஸ்னா!"

எலெவுத்தேரியோ.
அவன் கூரைக்கு மேல் இரண்டு முழத்தில்
சட்டம் தொங்குகிறது.
கிரேன் முழுவதும், ஆயிரம் டன்னும்,
தண்டவாளத்தில் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது.
என் கட்டைவிரலின் அடக்கமான வேலை.

காற்று என்றேன்.
காற்று அடங்கிப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் சுட்டது.

அடுத்த வியாழன் மறுபடி எழுபத்திரண்டு.
நரி ஒரு பாலத்தின் நடுவில் இருந்தபோது
அதன் மேல் நிபால்தோவின் பெயர் விழுந்தது.
கவ்வைக் கழற்ற நேரமில்லை.
கைப்பிடிகளோடு தூக்கிக் காதில் வைத்தேன்,
செங்கல்லிடம் ரகசியம் கேட்பவள்போல.

"அமைப்புகளுக்குள் போ. அளவைத் திருத்து.
மூன்று நிமிட வேலை."
"பிறகு ஏன் நீ திருத்தவில்லை?"
அந்தப் பக்கம் ஏதோ பெரிய சக்கரம் உருண்டது.
"பழகிவிட்டது.
இங்கே லாரியையும் வலப்பக்கம் ஒடித்துக்கொண்டே இருக்கிறேன்.
டயர் ஏன் ஒரு பக்கமாய்த் தேய்கிறது என்று
மேற்பார்வையாளர் கேட்கிறார்."
சிரித்தான். நானும்.
சிரிக்கக்கூடிய விஷயமா என்று தெரியவில்லை.

குச்சியை வட்டமாகச் சுற்றவும், என்றது திரை.
சுற்றினேன்.
கையை எடுக்கவும்.
எடுத்தேன்.
நரி நின்றது.
முதல்முறையாக, பாலத்தின் நடுவில்,
யாரும் கூப்பிடாத ஒரு நரி
பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு என் விரல் அதன் இடத்துக்குத் திரும்பியது,
நூலளவு வலப்பக்கம்.
நரி பாலத்தைவிட்டு இறங்கி
வெற்று வெளியில் நடந்து
கீழே போயிற்று.

"ஐம்பது" என்றது ரேடியோ. "தயாராகு."
கண்ணாடிக்கு அடியில்
எலெவுத்தேரியோ வந்து நின்றான்.
அண்ணாந்து என்னைப் பார்த்தான்.
பிறகு லாரியை ஒரு முழம்
முன்னே தள்ளி நிறுத்தினான்.