நாலு டிகிரி உயரத்தில்

தொரோலாக்கில் எனக்கு வடக்கு என்றால்
செம்பனை ஆலையின் புகைபோக்கி.
துருவ நட்சத்திரம் அதற்குப் பின்னால்
நாலே டிகிரி உயரத்தில் இருக்கிறதாம்.
நான் பார்த்ததில்லை.
குளிர் நாட்டுக்காரன் எழுதிய கையேடு
முதல் பக்கத்திலேயே சொல்கிறது:
துருவத்தை நோக்கித் திருப்பு.
புகைபோக்கியை நோக்கித் திருப்பினேன்.

ஒரு நிமிடம் திறந்து வைத்தால்
ஒவ்வொரு விண்மீனும் ஒரு சீரகம்.
மூன்று நிமிடமென்றால் வெட்டிப் போட்ட நகம்.

எடைப்பாலத்தில் உட்காருகிறவள் நான்.
குலைகளோடு ஒரு தடவை, வெறும் வண்டியாய் ஒரு தடவை,
மத்தியானத்துக்குள் நாற்பது லோரி.
பிசகு எனக்குப் புதிதில்லை.
எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்தால்
அதோடு குடித்தனம் நடத்தலாம்.

போனஸில் மிஞ்சியது எண்ணூறு வெள்ளி.
வானத்து வெள்ளி இல்லை,
செங் ஹுவாட் எச்சில் தொட்டு எண்ணுகிற வெள்ளி.

தைப்பிங் கைருல் பழையது ஒன்று விற்கிறான்.
பெரிய குழாய்க்குள்ளேயே ஒரு பொடிக் கண்ணாடி,
ஓரத்து ஒளியைக் கிள்ளிக் கொடுக்கும்.
வளைவு, தொய்வு எதுவும் வராது என்கிறான்.
நிஜம்தான்.
ஆனால் அந்தக் கிள்ளலில் ஒரு மீன் அகப்பட வேண்டும்.
அகப்படாவிட்டால் கழற்று, திருப்பு, தேடு.
கொசு அதுவரை சும்மா இருக்குமா?

"உன் குழாயே நானூறு மில்லிமீட்டர்தான்,
இதற்கு எதற்கு அவ்வளவு பாடு?"
செங் ஹுவாட் மேசையில் வைத்தான்
டார்ச்லைட் பருமனில் ஒரு குட்டித் தொலைநோக்கி,
கறுப்பு வெள்ளைக் கேமரா ஒன்று.
இரண்டும் சேர்த்து எழுநூற்று இருபது.
மீதியில் பனி ஒட்டாமலிருக்க ஒரு சூட்டுப் பட்டை.
இந்த ஊர்ப் பனியை மட்டும்
கையேட்டுக்காரன் நம்பவே மாட்டான்.

முதல் ராத்திரி மடிக்கணினியில்
சிவப்புக் கோடும் நீலக் கோடும் சண்டை போட்டன.
மென்பொருளைத் திட்டினேன்.
கேமராவை, கைருலை, மேகத்தை.
குட்டிக் குழாயின் திருகு ஒன்று
இறுக்கப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் ராத்திரி, தாமான் கூரைகளுக்கு மேல் கரீனா.
எதையோ ஒன்றை மென்பொருள் பிடித்துக்கொண்டது,
பெயரில்லாத, எண் மட்டும் உள்ள ஒரு மீன்.
இரண்டு நொடிக்கு ஒருமுறை அதைப் பார்த்து
கொஞ்சம் மேற்கே,
கொஞ்சம் தெற்கே,
போதும், கொஞ்சம் மேற்கே.
மோட்டார் முணுமுணுத்தது.
ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால்
எல்லாம் புள்ளி. எல்லாமே புள்ளி.
தூங்குகிற தாமானில் யாரை எழுப்பிச் சொல்வது?

காலையில் மரியசூசை அண்ணன்
லோரியில் இருந்தபடியே கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.
சிவந்த மேகத்தை விரலால் பெரிதாக்கினார்.
"இதில் எந்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்தே?"
"அது படத்துக்குள்ளே வரலை அண்ணே."
அவர் திரும்பவும் தேடினார்.

முன் சக்கரம் பாலத்துக்கு வெளியே நின்றது.
கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னேன்.