முன்னோட்டம்

வெள்ளிக்கிழமை பகல் காட்சிக்கு
மன்னார்குடியில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.
பிள்ளைகளோடு பார்க்கலாமா
என்று கேட்டார் இவர்.

முத்தம் இல்லை. ரத்தம் இல்லை.
கெட்ட வார்த்தை ஒன்றே ஒன்று,
அதையும் ஒரு 'பீப்' விழுங்கிவிட்டது.

ஆனால்
மூச்சு வாங்க நின்ற அந்தப் பெண்ணைப்
பயிற்சியாளர் அறைகிறார்.
பதக்கம் வாங்கியதும்
அதே கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.
அரங்கமெங்கும் விசில்.
நானும் கைதட்டியிருக்கிறேன்.
மடியில் பாப்கார்ன் கொட்டிக் கிடந்ததைப்
பார்த்தபிறகுதான் தெரிந்தது.

ஆறரைக்கு வந்தாள் இளவேனில்,
பாமணியாற்றங்கரை மண் அப்பிய கால்களோடு.
மாவட்டப் போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்.
"டிக்கெட் போட்டாச்சாம்மா?"

முந்தானையால் துடைக்கிற சாக்கில்
அவள் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
வியர்வைதான்.

மறு கன்னத்தையும் பார்த்தேன்.